செத்த மாதிரிக் கிடக்கும், சாகாது

கனடாவில இருக்கிற மச்சாளுக்கு எங்கட வளவை வீடியோ எடுத்து அனுப்பினன். முருங்கை, கறிவேப்பிலை, செவ்வரத்தை, வாழை, வேலியோரம் மல்லிகை, கிணத்தடியில வெத்திலை. ஒண்டையும் விடாம, கையை ஆட்டாம, ஆறுதலா எடுத்த வீடியோ.

பதில் வந்திச்சி.

"வடிவா இருக்கு மச்சான். ஆனா பெரனியல் ஒண்டும் வைக்கல்லையே நீங்க?"

(ஃபோனைக் கவுட்டு வச்சிட்டு ஒரு பிளேன்டி குடிச்சன். மறுகா வந்துதான் பதில் எழுதினன். எழுதினது காணாது எண்டுதான் இந்தப் பதிவு.)

மச்சாள், நீங்க பார்த்தது முழுக்கப் பெரனியல்தான்! அதைத்தான் பள்ளிக்கூடத்தில பல்லாண்டுப் பயிர் எண்டு படிச்சம். ஒருக்கா நட்டா ரெண்டு வருசத்துக்கு மேல நிண்டு பிடிக்கிறது. நெல்லு, சோளன், பயித்தை எல்லாம் ஒரு போகத்தோட கணக்கு முடிச்சிரும். முருங்கை முடிக்குமா? செவ்வரத்தை முடிக்குமா? எங்கட வீட்டுச் செவ்வரத்தைக்கு மனிசியை விட வயசு கூட. (இதை அவ வாசிக்க மாட்டா எண்ட தைரியம்தான்.)

ஆனா மச்சாளை முழுக்கப் பிழை சொல்லவும் ஏலா. அவவுக்குப் பெரனியல் எண்டா ஹொஸ்டா, பியோனி, டேலிலி. அங்க அதுகள் எப்பிடி எண்டா, குளிர் தொடங்க இலையெல்லாம் சோர்ந்து கறுத்து, நிலத்துக்கு மேல ஒண்டுமே மிஞ்சாது. அதுக்கு மேல பனி. மாசக்கணக்கில வெள்ளை. பிறகு ஏப்ரல் முடிய, மே வர, அதே இடத்தில மூக்கை நீட்டிக்கொண்டு வெளிய வரும். நல்லா வச்சிருந்தா ஒரு பியோனி அம்பது வருசத்துக்கு மேலயும் பூக்குமாம். அந்தக் குளிர் கிடைக்காட்டி அது பூக்கவும் பூக்காது. அதால எங்கட களுதாவளையில பியோனி எண்ட கனவை இப்பவே விட்டிருங்க.

அப்ப மச்சாளிட கணக்கு என்ன? செத்த மாதிரிக் கிடந்து எழும்பினாத்தான் பெரனியல். எங்கட மரமெல்லாம் வருசம் முழுக்கப் பச்சையா நிக்குது. எழும்பிறதுக்கு ஒண்டும் படுக்கவே இல்லையே!

படுக்குது மச்சாள். உங்களுக்குப் பனி. எங்களுக்குக் கச்சான்.

(தமிழ்நாட்டில இருந்து வாசிக்கிற ஆக்களுக்கு: கச்சான் எண்டா நாங்க வறுத்துத் தின்னுற கடலையும்தான். இது கடலை இல்ல, காத்து.)

ஊரைத் தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் சொல்லோணும். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. (நாங்க ஆறு எண்டுதான் சொல்லுவம்.) நடுவில ஒரு மணல் வரப்பு. அதுக்கு நடுவால மட்டக்களப்பு – கல்முனை ரோட்டு. அதில இருந்து தொங்கிற மாதிரி செட்டிபாளையம், மாங்காடு, தேற்றாத்தீவு, நாங்க, களுவாஞ்சிகுடி. மண் வெட்டினா மணல். இன்னும் வெட்டினா இன்னும் மணல். அதுக்குக் கீழ நல்ல தண்ணி. அதுக்கும் கீழ உப்புத் தண்ணி. நல்ல தண்ணி பாரம் குறைஞ்சது, அதால உப்புத் தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு கிடக்கு. ஆசைக்கு மோட்டரைப் போட்டு இறைச்சா அடியில கிடக்கிற உவர் மேல ஏறி வந்திரும்.

மழை ஐப்பசியில தொடங்கித் தையில ஓயும். மாசிக்குப் பிறகு வானம் கையை விரிச்சிரும். வைகாசி, ஆனி, ஆடி எண்டா மேற்கால கச்சான் அடிக்கும். சூடு. ஒரு பொட்டு ஈரம் இல்லாத சூடு. காயப்போட்ட உடுப்பு, எடுக்கப் போக அப்பளமா நிக்கும். அந்தக் காத்துக்குத்தான் எங்கட ஊர்ப் பயிர் பச்சை படுக்குது. எல்லாம் இல்ல, சிலது. மிச்சம் படுக்காம வேற ஏதோ தந்திரம் பண்ணித் தப்புது.

நான் இவ்வளவு காலம் மண்ணைக் கிண்டிப் படிச்ச ஒரே பாடம் இதுதான்: ஒரு பயிர் உயிரை எந்த இடத்தில ஒளிச்சு வச்சிருக்கு எண்டு முதல்ல பாருங்க. உரம், மருந்து, யூடியூப் எல்லாம் பிறகு.

கார்த்திகைப் பூவை எடுங்க. (அரசியல் பேச வரல்ல. தமிழ்நாடு அரசாங்கத்துக்கும் அதுதான் மாநிலப் பூ, காந்தள் எண்ட பேரில. பூவுக்கு ஒண்டும் தெரியா.) மாரி மழை விழுந்து மண் நனைஞ்ச உடன வேலிக்கரையில ஒரு முளை வரும். கம்பி மாதிரி ஏறும். கிட்டப் போய் இலையைப் பாருங்க. ஒவ்வொரு இலையும் நுனியில நீண்டு, மெலிஞ்சு, சுருண்டு, பக்கத்தில கிடைச்ச கம்பைப் பிடிச்சிருக்கும். பத்திப் பிடிக்கத் தனியாச் சுருள் கிடையாது, இலையே கையாப் போயிட்டுது. பிறகு பூ. இதழ் எல்லாம் பின்னால மடிஞ்சு, அடி மஞ்சள், நுனி சிவப்பு, நாள் போகப் போக முழுச் சிவப்பு. மழை முடிய, காய் வெடிக்க, கொடி காய்ஞ்சு சருகாப் போகும்.

அவ்வளவுதான், செத்திட்டுது எண்டு நினைப்பீங்க.

கீழ கலப்பை மாதிரி ரெண்டு கையா வளைஞ்ச ஒரு கிழங்கு கிடக்கு. பங்குனி வெயில், சித்திரை வெயில், கச்சான், எல்லாத்தையும் அந்தக் கிழங்கு மணலுக்குள்ள கண்ணை மூடிக்கொண்டு கழிக்குது. அதிண்ட அடுத்த வருசக் கண் கிழங்கு நுனியில இருக்கு. தோண்டி மாத்தேக்க நுனி முறிஞ்சா அந்தக் கையில முளை வராது. கிழங்கு முழுசா இருக்கும், பாரமா இருக்கும், ஆனா முளைக்காது. அதால அதைக் கிண்டிற ஆக்கள் மண்வெட்டி போடாம கையால மணலை விலத்துங்க. (கிழங்கில கொல்சிசின் எண்ட கடும் நஞ்சு இருக்கு. தொட்டா கையைக் கழுவோணும், சின்னப் பிள்ளையள் உள்ள வீட்டில கவனம்.)

படுத்த கிழங்குக்குத் தண்ணி ஊத்தக்கூடா. இதுதான் சனத்துக்கு விளங்காத இடம். பாவம், காய்ஞ்சு போச்சே எண்டு இரக்கப்பட்டு வாளி வாளியா ஊத்துவாங்க. அந்த இரக்கத்தில அழுகிச் செத்த கிழங்குதான் கனக்க.

மஞ்சளும் இதே சாதிதான். 2020ல இலங்கையில மஞ்சள் இறக்குமதியை நிப்பாட்டினாங்களே, ஞாபகமா? விலை ஏறி ஏறிக் கிலோ ஆயிரக்கணக்குக்குப் போச்சு. தமிழ்நாட்டுக் கரையில இருந்து வள்ளத்தில மஞ்சள் மூட்டை கடத்தி வந்து கடற்படையிட்டப் பிடிபட்ட செய்தி ஒவ்வொரு நாளும் வந்திச்சி. தங்கம் கடத்தின காலம் போய் மஞ்சள்! அந்த நேரம் எங்கட ஒழுங்கையில ஒரு வீடு விடாம மஞ்சள் நட்டாங்க. உர பேக்கில, பெயின்ட் வாளியில, உடைஞ்ச பேசினில. நல்லா வந்திச்சி. எட்டு ஒம்பது மாசத்தில இலை மஞ்சளிச்சி விழத் தொடங்கினதும் ஒரே புலம்பல். "நோய் விழுந்திட்டு", "கண்ணூறு", "தண்ணி காணாது". எங்கட அயல்ல ஒரு அண்ணன் மருந்தும் அடிச்சார்.

நோயுமில்ல நொடியுமில்ல. அது படுக்கப் போகுது. இலையில இருந்த சத்தெல்லாம் கிழங்குக்கு இறக்கிட்டு விளக்கை அணைக்குது. அப்ப கிண்டினா மஞ்சள். கிண்டாம விட்டா அடுத்த மழைக்குத் திரும்ப முளை. மச்சாளிட ஹொஸ்டா பண்றதைத்தான் எங்கட மஞ்சளும் பண்ணுது. ஒண்டே ஒண்டு, ஹொஸ்டாவைக் கறியில போடேலா.

வாழையைப் பத்தி அதிகம் சொல்லத் தேவையில்ல. மேல நிக்கிறது மரமே இல்ல, இலைமடல் ஒண்டை ஒண்டு சுத்தி நிக்கிறது. தண்டு கீழ கிழங்கா இருக்கு. குலை தள்ளினது போகும், குட்டி நிக்கும். ஒரு பெரிசு, ஒரு சின்னன் விட்டு மிச்சத்தைக் குத்தி எடுத்தாச் சரி. மணல்ல ஒரு கரைச்சல், வருசம் போகப் போகக் கிழங்கு மேல மிதந்து வரும். மாரிக்கு முதல் அடியில மண் கூட்டி அணைக்காட்டி அந்த வாடைக் காத்துக்கே குலையோட சாயும்.

படுக்காம தப்புற ஆக்களைப் பார்க்கோணுமெண்டா கடற்கரைக்குப் போங்க. அடம்பன் கொடி. நுனி ரெண்டாப் பிளந்த தடிச்ச இலை, ஊதாப் பூ, விடியக் காலையில விரிஞ்சு வெயில் ஏற வாடிப் போகும். கொடியைத் தூக்கிப் பாருங்க. கணுவுக்குக் கணு வேர் இறக்கி வச்சிருக்கு. ஒரு இடத்தில மணல் மூடினா அடுத்த கணுவால மூச்சு விடும். அறுத்தாலும் அறுந்த துண்டு தனிக்கொடி. இதுக்கு உயிர் ஒரு இடத்தில இல்ல, எல்லாக் கணுவிலயும் பங்கு போட்டு வச்சிருக்கு. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு எண்டு கூட்டம் தொடங்க முன்னம் மேடையில எல்லாரும் சொல்லுவாங்க. சொல்லுற ஆக்கள்ல எத்தனை பேர் அதைத் தூக்கிப் பார்த்தாங்களோ தெரியா.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இதைக் கண்ணால கண்ட ஊர் இது. கடல் வந்த வளவுகளில வாழை கருகிச்சி, கறிவேப்பிலை கருகிச்சி. தென்னை நிண்டுது. கடற்கரையில முதல் முதல் பச்சை காட்டினது அடம்பனும் இராவணன் மீசையும்தான். கிணறெல்லாம் உப்பு. சனம் உப்பை இறைச்சு வெளியேத்துவம் எண்டு இறைக்க இறைக்க, கீழ கிடந்த உவர் இன்னும் மேல வந்திச்சி. அளவோட இறையுங்க, மாரி கழுவும் எண்டு விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொன்னாங்க. அப்பிடித்தான் கழுவிச்சி. அவசரப்பட்டு உடன கண்டு நட்ட வளவுகளை விட, ஒரு மாரி பொறுத்து நட்ட வளவுகள்தான் நல்லா வந்தது.

இனிச் சண்டைக்கு வாங்க. கொச்சிக்காயும் கத்தரியும் ஓராண்டுப் பயிர் எண்டு ஆர் சொன்னது?

பனி விழாத ஊரில ரெண்டும் வருசக்கணக்கில நிக்கக்கூடியது. எங்கட குசினிப் பின்பக்கம், பாத்திரம் கழுவுற தண்ணி ஓடுற இடத்தில ஒரு கொச்சி நிக்குது. அடி மரமாப் போச்சு, பட்டை பிடிச்சிட்டு. காய்க்குது, ஓயுது, திரும்பக் காய்க்குது. கத்தரியைக் காய்ச்சு ஓய்ஞ்ச பிறகு ஒரு சாண் விட்டு நறுக்கி, ஆட்டெரு போட்டு, தண்ணி காட்டிப் பாருங்க. நறுக்கின இடத்துக்குக் கீழ இருந்து வெடிச்சுத் துளிர்க்கும். இங்க அதிண்ட உயிர் அடித்தண்டிலயும் வேரிலயும்.

அப்ப தோட்டக்காரர் ஏன் ஒவ்வொரு போகமும் பிடுங்கி எறியிறாங்க? அவங்க மடையரில்ல. எங்கட ஊர்த் தோட்டத்தில கொச்சியும் கத்தரியும் பாத்தி பாத்தியா நிக்கும். பழைய செடியை விட்டா இலைச்சுருளும் வாடலும் அதில குடியிருந்து புதுச் செடிக்குத் தாவும். ஆயிரம் செடி நிக்கிற இடத்தில ஒரு கிழட்டுச் செடி பெரிய ஆபத்து. வளவில ஒண்டு ரெண்டு நிக்கிறது வேற கதை. வளவுக்கு ஒரு சட்டம், தோட்டத்துக்கு ஒரு சட்டம். இதை விளங்காமத்தான் முகநூல்ல "கத்தரியைப் பிடுங்காதீங்க, பத்து வருசம் காய்க்கும்" எண்டு படம் போடுறாங்க.

2021ல அரசாங்கம் ஒரே ராத்திரியில ரசாயன உரத்தை நிப்பாட்டினதும் (கார்த்திகை மாசமளவில திரும்பவும் விட்டாங்க, அதுக்குள்ள நடக்க வேண்டியது நடந்து முடிஞ்சு), வயலும் தோட்டமும் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். அந்த வருசம் எங்கட முருங்கைக்கு அப்பிடி ஒரு தடை வந்ததே தெரியா. அது தன்ட பாட்டில காய்ச்சிச்சி. நாங்களும் தின்னு தின்னு முருங்கைக்காய் மணக்கத் தொடங்கிட்டம்.

முருங்கை எண்டதும் ஞாபகம் வருது. தமிழ்நாட்டில பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989ல பி.கே.எம். 1 எண்டு ஒரு முருங்கை வெளியிட்டாங்க. விதையில இருந்து ஆறு மாசத்தில காய்க்கும். செடி முருங்கை, ஓராண்டு முருங்கை எண்டு பேர். ஆனா ஓராண்டு எண்டு சொல்லிப்போட்டு, காய்ச்சு முடிய ஒரு மீட்டர் உயரத்தில வெட்டிவிட்டு இன்னும் ரெண்டு மூண்டு வருசம் அதிலயே காய் பிடுங்கிறாங்க. எங்கட முருங்கை கம்பு நட்டு வந்தது. அது கொஞ்சம் சோம்பேறி, ஆனா கனகாலம் நிக்கும். ஒண்டே ஒண்டு, முருங்கைக் கொப்பு பொசுக்கெண்டு முறியும். ஐப்பசிக்கு முதல் தோளுயரத்துக்குத் தறிச்சு விட்டா வாடைக்கும் தப்பும், தை கழியப் புதுக் கொப்பில பூவும் வரும். தறிக்கப் பாவம் பார்க்கிற ஆக்களுக்கு முருங்கையைக் காத்து தறிச்சுக் காட்டும். கூரைக்கு மேல.

சரி, வெத்திலைக்கு வருவம். களுதாவளையில இருந்துகொண்டு வெத்திலையைப் பத்தி எழுதாட்டிச் சுயம்புலிங்கப் பிள்ளையாரே மன்னிக்க மாட்டார்.

ஊருக்குப் பேர் வாங்கித் தந்ததே வெத்திலைதான். குருநாகல், கம்பஹாப் பக்கத்துக் கறுப்பு வெத்திலை பாகிஸ்தானுக்குப் போகுது. எங்கட வெத்திலை பாகிஸ்தானுக்குப் போகாட்டியும் மட்டக்களப்பில ஒரு கலியாணத் தட்டையும் விடாது.

வெத்திலை படுக்காத பயிர். அதுக்குக் கிழங்கு இல்ல, ஆழ வேர் இல்ல, தடிச்ச இலை இல்ல. காட்டு நிழல்ல, ஈரத்தில, மரத்தில ஏறி வாழப் பிறந்த கொடி. மிளகுக்குச் சொந்தக்காரன். அதைக் கொண்டுவந்து கொதிக்கிற மணல்ல நட்டு, கச்சானுக்கு முன்னால நிப்பாட்டி வச்சிருக்கிறம். இந்தக் கூத்து எப்பிடித் தலைமுறை தலைமுறையா நடக்குது எண்டு யோசிச்சிருக்கிறீங்களா?

நான் எங்கட ஒழுங்கை முடிவில வெத்திலை செய்யிற மாமாவிட்டப் போய்க் கேட்டன். அவர் வாயில கிடந்ததைத் துப்பிட்டு, "அதுக்கு உயிர் என்ட கையில மனே" எண்டார்.

பெரிய கதை சொல்லுறார் எண்டு நினைச்சன். பக்கத்தில நிண்டு பார்க்கத்தான் அது வெறும் கணக்கு எண்டு விளங்கிச்சி. காலையும் பின்னேரமும் தண்ணி. மணல் எண்டபடியால ஒரேயடியா ஊத்தினாக் கீழ ஓடிரும், கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு தரம். கிடுகு வேலி நாலு பக்கமும், காத்து உள்ள வரக்கூடா. மேல நிழல், ஆனா இருட்டு இல்ல. தண்ணியை ஒரு நாள் விட்டா இலை சோரும். ரெண்டு நாள் விட்டா அந்த இலையை ஆரும் வாங்க மாட்டாங்க.

அதை விடப் பெரிய தந்திரம் கொடி இறக்கிறது. வெத்திலை கம்பில ஏற ஏற அடித்தண்டு முத்தி, மேல போற இலை சின்னனாகும். கொடி கிழடாகுது. அந்த நேரம் கொடியைக் கம்பில இருந்து அவிழ்த்து, கீழ இறக்கி, முத்தின பகுதியை வளையமாச் சுத்திப் பாத்தியில வச்சு மண் போட்டு மூடி, நுனியை மட்டும் திரும்பக் கம்பில கட்டி விடுவாங்க. மூடின ஒவ்வொரு கணுவும் புது வேர் விடும். மேல நிக்கிறது திரும்பவும் இளந்தாரிக் கொடி, பெரிய இலை.

மாமா கட்டேக்க கையைப் பார்த்துக்கொண்டு நிண்டன். இடது கைப் பெருவிரலால கணுவைத் தடவித் தடவிப் போறார். கணுவில சின்னச் சின்ன வெள்ளை மொட்டாத் தடக்கினா வேர் வரத் தயார். தடக்காட்டி இன்னும் கொஞ்சம் மேல போறார். கட்டிறதுக்குக் கயிறு இல்ல, வாழை நார். அதுவும் இறுக்கி இல்ல, ஒரு விரல் போய் வர இடம் விட்டு.

நடுகைக்குத் தண்டு எடுக்கேக்கயும் ஒரு விசயம். கம்பைப் பிடிச்சு நேர மேல ஏறுற தண்டில எடுக்கோணும், பக்கத்தால நீட்டிக்கொண்டு நிக்கிற கிளையில எடுத்தா அது ஏறாது. மூண்டு நாலு கணு உள்ள துண்டு, ரெண்டு கணு மண்ணுக்குள்ள. வெத்திலைத் தண்டு நட்டன், பிழைக்குது ஆனா ஏறுதில்ல எண்டு எனக்கு எழுதின தம்பிக்கு இதுதான் பதில். தண்டு தந்த ஆளைப் பிடியுங்க.

இன்னொண்டு, தோட்டத்துக்குள்ள செருப்போட போக மாமா விட மாட்டார். துடக்கு, தீட்டு எண்டு ஒரு பட்டியலே வச்சிருக்கார். எனக்கு அந்தப் பட்டியல் முழுக்க உடன்பாடில்ல. (பொம்பிளையளைத் தள்ளி வைக்கிற பகுதியில சுத்தமா இல்ல.) ஆனா செருப்பு விசயத்தில கை தூக்கிறன். வெத்திலையை வேரோட அழுக்கிற பூஞ்சணம் மண்ணிலயும் தண்ணியிலயும் பரவுறது. பக்கத்துத் தோட்டத்துச் சேறு செருப்பில வந்தாக் கதை முடிஞ்சிது. மாரிக்குத் தண்ணி நிக்காமப் பாத்தியை உயர்த்திக் கான் வெட்டுறதும் அதுக்குத்தான். கச்சானுக்குத் தண்ணி இல்லாமச் சாகும், மாரிக்குத் தண்ணியாலயே சாகும். ரெண்டுக்கும் நடுவில மாமாவிட முதுகு.

1978 சூறாவளிக்கு அவருக்குச் சின்ன வயசு. நவம்பர் 23. விடியப் பார்க்கத் தென்னை எல்லாம் ஒரு பக்கமாப் படுத்துக் கிடந்ததாம், வெத்திலைத் தோட்டம் இருந்த அடையாளமே இல்லையாம். அவரிட அப்பா அழேல்ல. மணலைக் கிண்டி, முன்னம் இறக்கி மூடின கொடித் துண்டைத் தேடி எடுத்து, ஈரச் சாக்கில சுத்தி வச்சாராம். இப்ப நிக்கிற கொடி அதிண்ட வழிதான் எண்டு மாமா சொல்லுறார். விதை போடாமத் தண்டில இருந்து தண்டு வாற பயிர் எண்டபடியால அது கதையில்ல, உண்மையிலயே அதே கொடிதான். அப்ப அதுக்கு வயசு என்ன மச்சாள்? உங்கட பியோனியைக் கேட்டுச் சொல்லுங்க.

நான் வெளியூர்ச் சாமான் வச்சே பார்க்கல்ல எண்டு இல்ல. மச்சாள் வந்த முறை நுவரெலியா சுத்தப் போய் லவென்டர் கொண்டு வந்து தந்தா. மணலில வச்சன், நல்ல வெயில், மணல் அதுக்குப் பிடிக்கும். கச்சானுக்குச் சிரிச்சுக்கொண்டு நிண்டுது! ஆகா எண்டு நினைக்க, மாரி வந்து ஒரேயடியா அழுக்கிட்டு. அது குளிரில வாழும், காய்ச்சல்ல வாழும், எங்கட ஐப்பசிப் புழுக்கத்தில வாழாது. ரோட்டோரம் லொறியில வச்சு விக்கிற மலைநாட்டு ரோசாவும் அப்பிடித்தான். வாங்கேக்க இருந்த பூவோட சரி. பிறகு முள்ளு மட்டும் செழிப்பா வளரும்.

அதே லொறியில பட்டிப்பூவும் விக்கிறாங்க! நித்தியகல்யாணி எண்டு பேர் போட்டு, சட்டியில வச்சு, காசுக்கு. கடற்கரையில, மதகடியில, சவக்காலையில தானா முளைக்கிற பூ. மடகஸ்காரில இருந்து வந்து உலகம் முழுக்கப் பரவினது. அதில இருந்துதான் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறாங்க எண்டது பெரிய மரியாதைதான், இல்லையெண்டு சொல்லல்ல. அதுக்காகக் காசு குடுத்து வாங்குவாங்களா? அதுவும் ஒரு கள்ளப் பெரனியல். சில வருசத்தில தாய்ச்செடி கிழண்டு போகும். ஆனா அடியில விழுந்த விதை முளைச்சு அதே இடத்தில நிக்கும். எங்கட கேட்டடியில முப்பது வருசமா ஒரே பட்டிப்பூ நிக்குது எண்டு மாமி (மனிசியிட அம்மா) சொல்லுவா. நிக்கிறது அதிண்ட பேத்தியாத்தான் இருக்கும். நான் திருத்தப் போகல்ல.

மணலுக்கு என்ன செய்யிறது எண்டு கனபேர் கேட்டீங்க. தேங்காய் மட்டை. வேற ஒண்டும் தேவையில்ல. மரத்தைச் சுத்திக் கிடங்கு வெட்டி, மட்டையைக் குழிப்பக்கம் மேல பார்க்க அடுக்கி, மண் போட்டு மூடுங்க. லுணுவில தென்னை ஆராய்ச்சி நிறுவனம் தென்னைக்குச் சொல்லுறதும் இதுதான். பொச்சு தண்ணியைக் குடிச்சு வச்சு ஆறுதலா விடும். கச்சானுக்கு வாற வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மேல மூடுறதுக்குச் சருகு, வைக்கல், இல்லாட்டி ஆத்துவாழை.

ஆத்துவாழை எண்டதும் எனக்கு ஒரு சிரிப்பு. வாவியை மூடிக் கிடக்கிற அந்த ஊதாப்பூச் செடியும் பெரனியல்தான் மச்சாள். 1905ல வடிவாப் பூக்குது எண்டு இலங்கைக்குக் கொண்டு வந்தாங்க. நாலே வருசத்தில, 1909ல, அதை ஒழிக்கச் சட்டம் போட வேண்டி வந்திச்சி. சட்டம் இருக்கு. செடியும் இருக்கு. அள்ளிக் கரையில போட்டுக் காய வச்சுப் பாத்திக்குப் போடுறதுதான் என்னால ஏலுமான பழிவாங்கல். பச்சையாப் போட்டீங்களெண்டா மாரிக்கு அதுவே முளைக்கும், பிறகு என்னைப் பேசாதீங்க.

மல்லிகைக்கு ஒரு வரி: மழை விட்டதும், தையில, முழங்கால் உயரத்துக்கு நறுக்குங்க. புதுக் கொப்பிலதான் பூ. நறுக்கப் பயந்தா இலைதான் பூக்கும்.

கடைசியா, எங்கட வீட்டில ஓடுற கறிவேப்பிலை வழக்கு. மனிசி சொல்லுறா, இலையை ஈர்க்கு ஈர்க்காப் பக்குவமாக் கிள்ளோணுமாம், கொப்பைத் தொடக்கூடாதாம். மாமி கறி தாளிக்கிற அவசரத்தில போய் நுனிக் கொப்பைச் சடக்கெண்டு ஒடிச்சுக்கொண்டு வருவா. ஒவ்வொரு நாளும் குசினியில இதுக்கொரு வாக்குவாதம். "நீங்கதானே பயிரைப் பத்தி எழுதுறவர், சொல்லுங்க" எண்டு ரெண்டு பேரும் என்னைப் பார்க்கிறாங்க.

நுனியை ஒடிச்சாத்தான் கறிவேப்பிலை பக்கத்தால கிளைச்சு அடர்த்தியா வரும். ஒடிக்காட்டி நெட்டையாப் போய், பூத்து, காய்ச்சு, கைக்கு எட்டாத உயரத்தில நிக்கும். கண்டு வேணுமெண்டா வேரில இருந்து வாற குட்டியை மாரிக்குப் பிரிச்சு எடுக்கலாம். ஆக, சட்டப்படி மாமி சொல்லுறது சரி.

ஆனா மட்டக்களப்பில கலியாணம் முடிச்ச ஆக்களுக்கு விளங்கும். வீடும் வளவும் மனிசியிட சீதனம். அவவுக்கு எழுதிக் குடுத்தது மாமி. நான் அதில தண்ணி ஊத்துற ஆள். தீர்ப்பு சொல்லுற அதிகாரம் எனக்கில்ல.